உரிமையாளர் பட்டியலில் ஒரு கசார்வாடி முகவரி

நாளிதழின் கடைசிப் பக்கத்தில், விளம்பரங்களுக்கும் கீழே, மிகச் சிறிய எழுத்தில் நான்கு வரிகள் இருக்கும். இதழை அச்சிடுபவர் யார், வெளியிடுபவர் யார் என்பதைச் சட்டப்படி அறிவிக்கும் வரிகள் அவை. புனேயிலிருந்து வெளிவரும் 'சஹ்யகிரண்' என்னும் மராத்தி நாளிதழில், பத்தொன்பது ஆண்டுகளாக அந்த வரிகளில் நாள்தோறும் வந்துகொண்டிருந்த பெயர் பிலிஸ் ஆண்டனி.

இதழ் அவருடையதன்று. அதில் அவர் ஒரு செய்திகூட எழுதியதில்லை. கேம்ப் பகுதியில் உள்ள அதன் அலுவலகத்தில் அவர் நிருவாகப் பொறுப்பாளர். காகிதச் சுருள்கள் வந்து சேர்ந்தனவா, விடுப்பு விண்ணப்பங்கள் முறைப்படி உள்ளனவா என்று பார்ப்பதே அவருடைய வேலை. அவருடைய தந்தை பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் பணிபுரிந்தவர். பிலிஸ் கேம்ப்பில் இருந்த ஒரு சிறிய அச்சகத்தில் இருபத்து மூன்றாம் வயதில் தட்டச்சராகச் சேர்ந்தார். திருச்சபை அறிவிப்புகளும் திருமண அழைப்பிதழ்களும் அச்சிட்டுவந்த அந்த அச்சகத்தை, இயந்திரங்களோடும் ஊழியர்களோடும் ஓர் அரசியல் குடும்பம் விலைக்கு வாங்கியது.

அந்தக் குடும்பத்தை ஊழியர் எவரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. 'பங்களா' என்பார்கள். "பங்களாவிலிருந்து போன்" என்றால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். சர்க்கரை ஆலை, பால் பண்ணை, பொறியியல் கல்லூரி, ரஞ்சன்காவில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை, ஒரு கேபிள் தொலைக்காட்சி ஆகியவை பங்களாவின் உடைமைகள். காலைத் தேநீரில் உள்ள பாலும் சர்க்கரையும் பங்களாவுடையவை, அதைக் குடித்தபடி படிக்கும் செய்தியும் பங்களாவுடையது, தண்ணீர் மட்டுமே நகராட்சியுடையது என்று அலுவலகத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நகராட்சியும் இரண்டு முறை பங்களாவின் கையில்தான் இருந்தது.

குடும்பத் தலைவரான தாத்யாசாஹேப் மூன்று முறை அமைச்சராக இருந்தவர். நாளிதழைத் தொடங்கியபோது, வெளியீட்டாளராக யாருடைய பெயரைப் போடுவது என்பது அவருக்குப் பெரிய சிக்கலாக இருந்தது. ஒருவர் பெயரைப் போட்டால் ஒரு சாதியினர் முகம் சுளிப்பர், மற்றொருவர் பெயரைப் போட்டால் மற்றொரு சாதியினர். மேசைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தவர் பிலிஸின் மேசையருகே நின்றார். தமிழர், கிறித்தவர், பெண். தேர்தல் கணக்கில் எந்தப் பக்கத்திலும் சேராத பெயர். "இதையே போடுங்கள்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

பெயரோடு வழக்குகளும் வந்தன. இதழில் எழுதப்பட்ட எதனாலாவது மனம் புண்பட்டவர், தாம் வாழும் ஊரில் அவதூறு வழக்குத் தொடுப்பார். செய்தியை எழுதியவரோடு வெளியிட்டவரும் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டும். சாத்தாரா, சோலாப்பூர், சங்கம்னேர் என்று பதினான்கு வழக்குகளுக்குப் பிலிஸ் பேருந்தில் போய்வந்தார். வழக்கறிஞருக்குப் பங்களா பணம் கொடுத்தது. நிற்பதற்குக் கால்கள் மட்டும் அவருடையவை. சங்கம்னேரில் வழக்குப் போட்டிருந்த துணி வியாபாரி ஒருவர் அவரைக் கண்டதும் திகைத்து, "நீங்களா அந்த ஆண்டனி? நான் யாரோ பெரிய தாதா என்றல்லவா பயந்துகொண்டிருந்தேன்" என்று தேநீர் வாங்கிக் கொடுத்தார். வழக்கை மட்டும் அவர் திரும்பப் பெறவில்லை.

இதனால் பிலிஸின் உடலில் ஒரு நிலைகொள்ளாமை குடியேறிவிட்டது. தெரியாத எண்ணிலிருந்து தொலைபேசி ஒலித்தால் எழுந்து நடப்பார். காக்கி உடையில் யாரேனும் படியேறினால் கையிலுள்ள காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு மீண்டும் எடுப்பார். இரண்டாயிரத்து இருபத்து மூன்று அக்டோபரில் அறுபது வயது நிறைந்து ஓய்வு பெறுவார், அன்றோடு தம் பெயரும் அந்த நான்கு வரிகளிலிருந்து நீங்கிவிடும் என்பதே அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட ஆறுதல்.

அதற்கு எட்டு மாதங்களுக்கு முன், பிப்ரவரி இருபத்து நான்காம் நாள், வெள்ளிக்கிழமை, அந்த ஆண்டின் உரிமை அறிக்கை அவருடைய மேசைக்கு வந்தது.

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி முடிந்ததும் வரும் முதல் இதழில், நாளிதழுக்கு உரிமையாளர்கள் யார் யார் என்னும் அறிக்கையை வெளியிட வேண்டும். மூலதனத்தில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருப்பவர்களின் பெயரும் முகவரியும் அதில் இருக்கும். முடிவில், 'மேற்கண்ட விவரங்கள் நான் அறிந்த வரையிலும் நம்பும் வரையிலும் உண்மையானவை' என்று எழுதி வெளியீட்டாளர் கையெழுத்திடுவார். பிலிஸ் அந்த அறிக்கையை அடிக்கோல் வைத்து வரிவரியாகப் படிப்பார். ஆண்டுதோறும் அதே ஏழு பெயர்கள்: தாத்யாசாஹேப், அவர் மனைவி, இரண்டு மகன்கள், 'வஹினிசாஹேப்' எனப்படும் மூத்த மருமகள், இளைய மருமகள், மகள். முகவரி ஏழு பேருக்கும் பங்களாதான்.

இந்த ஆண்டு ஏழு பெயர்களும் இல்லை. மூன்று நிறுவனங்கள் இருந்தன. முதல் நிறுவனத்தின் முகவரி மும்பையில். இரண்டாவதன் முகவரி சர்க்கரை ஆலை வளாகம். மூன்றாவது 'ஸப்தசிகர் ஹோல்டிங்ஸ்'. அதன் முகவரி வீட்டு எண் ஆறு, இரண்டாம் மாடி, சந்தியா குடியிருப்பு, கசார்வாடி.

அது பிலிஸின் வீடு.

வெளியீட்டாளரின் முகவரியைத் தவறுதலாக இங்கும் ஒட்டிவிட்டார்கள் என்றே அவர் முதலில் எண்ணினார். பிழையைக் கண்டுபிடித்த திருப்தியோடு, பென்சிலால் சுழித்து, அறிக்கையை நிறுவனச் செயலாளர் ஜெயந்திடம் கொண்டுபோனார்.

ஜெயந்த் அதை வாங்கவேயில்லை. "அது பிழை இல்லை, மேடம்" என்றார் மராத்தியில்.

"என் வீட்டு முகவரி அது."

"ஆமாம். அந்தக் கம்பெனிக்குப் பதிவு அலுவலகம் உங்கள் வீடு. மூன்று வருடம் ஆகிறது. ஆட்சேபம் இல்லை என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். மின்கட்டண ரசீதும் கொடுத்தீர்களே?"

வெளியீட்டாளர் விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று கேட்டுத்தான் அப்போது ரசீதை வாங்கினார்கள். அன்று வைத்த காகிதக் கட்டில் ஏறத்தாழ இருபது தாள்கள். பிலிஸ் எல்லாவற்றிலும் கையெழுத்திட்டார். விடுப்பு விண்ணப்பத்தில் தேதி ஒன்று மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புகிறவர், அச்சுக்குப் போகாத பங்களாக் காகிதங்களை மட்டும் படித்ததில்லை. அவற்றைப் படிப்பது மரியாதைக் குறைவு என்று அந்த அலுவலகத்தில் எல்லாரும் நினைத்தனர். அவரும் அப்படியே நினைத்துவிட்டார்.

"ஏன் என் வீடு?"

ஜெயந்த் குரலைத் தாழ்த்தினார். "வஹினிசாஹேப் அடுத்த வருடம் தேர்தலில் நிற்கிறார். பத்திரிகையும் டிவியும் குடும்பத்தின் கையில் இருக்கிறது என்று எதிர்க்கட்சிக்காரன் மேடையில் பேசக் கூடாதில்லையா? டென்ஷன் வேண்டாம். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். புதன்கிழமை இதழில் வர வேண்டும்."

பிலிஸ் தம் இருக்கைக்குத் திரும்பவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கசார்வாடிப் பேருந்தில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனார்.

அவர் கணவர் ஆண்டனி, நெடுஞ்சாலையோரப் பட்டறை ஒன்றில் கடைசல் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். செய்தியைக் கேட்டு அவர் பெரிதாகச் சிரித்தார்.

"நம்ம வீட்டுக்குள்ளயா கம்பெனி? ஏட்டி, எனக்கு ஒரு மேனேஜர் வேலை கேட்டுச் சொல்லேன். ஆபீஸுக்குப் போகப் பஸ் செலவு மிச்சம்."

"சிரிக்காதிய. அந்தப் பேருல இங்க ஏதாவது லெட்டர் வந்துச்சா?"

சிரிப்பு நின்றது. ஆண்டனி கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தார். பிரிக்கப்படாத உறைகள் முப்பதுக்கு மேல் இருந்தன.

"பேங்க்குக்காரன் லோன் குடுக்கதா அனுப்புதான்னு நெனச்சேன். போஸ்ட்மேன் நம்ம அட்ரஸ்தான்னு சொன்னான். ரிஜிஸ்டர் தபாலுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்."

"கையெழுத்துப் போட்டியளா?"

"வாங்குனா போடணும்லா?"

"இத்தனைக்கும் போட்டியளா?"

"நீ மட்டும் போடலயாக்கும்" என்றார் ஆண்டனி. சொன்ன உடனே அதற்காக வருந்தியவர்போல எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

மறுநாள் சனிக்கிழமை, காரடியில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரியும் மகள் அலினா வந்தாள். தமிழ் அவளுக்கு வீட்டுக்குள் மட்டும் வழங்கும் மொழி, அதுவும் பாதி. அரசின் இணையதளத்தில் அந்த நிறுவனத்தின் பதிவுகளைத் தேடி எடுத்து அவள் படித்தாள்.

"மம்மி, இந்தக் கம்பெனி... நியூஸ்பேப்பர்ல தேர்ட்டி எய்ட் பர்சென்ட். அப்புறம் கேபிள் சேனல்ல சிக்ஸ்டி ஒன். ரஞ்சன்காவ்ல ரெண்டு கோடவுன். ஒரு கோல்டு ஸ்டோரேஜ். எல்லாம் நம்ம வீட்டுல இருக்கு."

"கேபிள் டிவிக்கு ஓனர் வீடு இது" என்றார் ஆண்டனி. "மூணு நாளா நம்ம டிவியில படம் வரல. எவன்கிட்ட போய்க் கேக்க?"

"டாடி, ஜோக் வேண்டாம். நாளைக்கு யாராவது என்கொயரி வந்தா இந்த டோர்தான் தட்டுவாங்க. மம்மி, யூ கான்ட் சைன்."

"கையெழுத்துப் போடலன்னா வேலய விட்டுத் தூக்கிருவாங்க. எட்டு மாசந்தான இருக்கு."

"போட்டா?"

பிலிஸ் சமையலறைக்குப் போனார். ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலும் அவரால் அமர முடியவில்லை. பிரசங்கத்தின் நடுவே இரண்டு முறை வெளியே போய் வாசலில் நின்றுவிட்டு வந்தார். பதினான்கு நீதிமன்றங்களில் அவர் நின்றிருக்கிறார். ஆயினும் அங்கெல்லாம் பிறர் எழுதியதற்காகவே நின்றார். தாம் பொய் என்று அறிந்த ஒன்றை உண்மை என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவர் எங்கும் நின்றதில்லை.

திங்கட்கிழமை காலையில் வஹினிசாஹேப் அலுவலகத்துக்கு வந்தார். அவர் தாத்யாசாஹேப்பின் மூத்த மருமகள். கைத்தறிப் புடவை உடுத்தி, ஊழியர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்பவர். பிலிஸைத் தம் அறைக்கு வரவழைத்து, எதிரே அமரச் சொல்லி, தாமே தேநீர் ஊற்றினார்.

"பிலிஸ்தாய், உங்களுக்கு ஏதோ மனக்குறை என்று ஜெயந்த் சொன்னார்" என்றார், அக்கா என்னும் மராத்திச் சொல்லைப் பெயரோடு சேர்த்து.

"மனக்குறை இல்லை, வஹினிசாஹேப். என் வீட்டில் ஒரு கட்டிலும் ஒரு தையல் இயந்திரமும் இருக்கின்றன. கம்பெனி எதுவும் இல்லை. இருக்கிறது என்று நான் எப்படி எழுதுவது?"

"சட்டப்படி இருக்கிறது. நீங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டீர்கள்."

"போட்டேன். படிக்காமல் போட்டேன். அது என் தப்பு. இதைப் படித்துவிட்டேன்."

வஹினிசாஹேப் சினம் கொள்ளவில்லை. குழந்தையின் சிக்கலைத் தீர்த்து வைப்பவரைப்போலப் புன்னகைத்தார். "ஒரு பலகை இல்லை என்பதுதானே உங்கள் கஷ்டம்? கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டச் சொல்கிறேன். மேசை ஒன்றும் போடச் சொல்கிறேன். உங்கள் கணவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம், மாதம் ஏதாவது கொடுத்துவிடுவோம். அப்புறம் அது உண்மைதானே?"

பிலிஸ் கோப்பையைக் கையில் எடுத்தார். அது உண்மையாகிவிடும்தான். ஒரு பலகையும் நான்கு திருகாணிகளும் போதும், அதன்பின் அவர் எழுதும் வரியில் பொய் இராது. தேநீரைக் குடிக்காமல் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யோசித்துச் சொல்கிறேன்" என்றார்.

யோசிக்கப் பங்களா நேரம் தரவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு ஆண்டனி தொலைபேசியில் அழைத்தார்.

"ஏட்டி, ஒரு ஆளு ட்ரில் மிஷினோட வந்து நிக்கான். பலக மாட்டணுமாம். பித்தளப் பலக. நீ சொன்னியா?"

பிலிஸ் ஆட்டோ பிடித்தார். படியேறியபோது எதிர்வீட்டுப் பெண்ணும் கீழ்வீட்டுக்காரரும் மாடிப்படியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தனர்.

"என்ன ஆண்ட்டி, கம்பெனி ஆரம்பிச்சிருக்கீங்க, பேடா எங்கே?" என்று எதிர்வீட்டுப் பெண் இந்தியில் கேட்டாள்.

சுவரில் இரண்டு துளைகள் விழுந்திருந்தன. மூன்றாவது துளைக்கு இயந்திரத்தை வைத்திருந்த ஆளின் கைக்கும் சுவருக்கும் இடையே ஆண்டனி முதுகைச் சாய்த்து நின்றார்.

"நீ சொன்னியான்னு தெரியாம நான் எப்படி விடுவேன்?" என்றார் மனைவியிடம். "ரெண்டு ஓட்டை போட்டதுக்கு அப்புறந்தான் எனக்குப் புத்தி வந்துச்சு."

"நான் சொல்லல."

"அப்ப சரி." அவர் அந்த ஆளை நோக்கித் திரும்பி, "பாவு, ஜா" என்று மராத்தியில் போகச் சொன்னார்.

அந்த ஆள் பலகையைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டான். "எனக்குக் கூலி யார் கொடுப்பது?" என்று கேட்டான். சுற்றியிருந்த தாள் சஹ்யகிரண்தான். ஆண்டனி நூறு ரூபாய் கொடுத்து அனுப்பினார்.

கதவைச் சாத்திய பிறகு, "பலக மாட்டினா உண்மையாயிரும்னு அந்த அம்மா சொல்லுதாங்க" என்றார் பிலிஸ்.

"உண்மையாகும். அதுக்குப் பொறவு நம்ம வீடு எது?" என்று ஆண்டனி கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பின்னரே பிலிஸ் நாற்காலியில் அமர்ந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அவர் அலுவலகத்துக்குச் செல்லவில்லை. மாவட்ட நடுவரின் அலுவலகத்துக்குச் சென்றார். நாளிதழை வெளியிடும் பொறுப்பை ஏற்கும்போது நடுவர் முன் உறுதிமொழி அளிக்க வேண்டும். அப்பொறுப்பை விட்டதாக அறிவிப்பதற்கும் ஓர் உறுதிமொழி உண்டு. அதற்கு உரிமையாளரின் சம்மதம் தேவையில்லை. பத்தொன்பது ஆண்டுகள் வெளியீட்டாளராக இருந்தவருக்கு அது தெரிந்தே இருந்தது, ஒரு நாளும் நினைவுக்கு வந்ததில்லை. அன்று முழுத்தாளையும் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

"ஏன் விடுகிறீர்கள்?" என்று எழுத்தர் விசாரித்தார்.

"படிவத்தில் கேட்டிருக்கிறதா?"

எழுத்தர் தாளைத் திருப்பிப் பார்த்தார். கேட்கவில்லை. முத்திரை குத்திக் கொடுத்தார்.

நகலை ஜெயந்தின் மேசைமேல் வைத்தபோது மணி பன்னிரண்டு. வெளியீட்டாளர் இல்லாமல் மறுநாள் இதழ் வரக் கூடாது. ஜெயந்த் நகலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தொலைபேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். அலுவலகத்தில் அரை மணி நேரம் யாரும் தேநீர் கேட்கவில்லை. பங்களாவின் முழு உடைமையும் ஒரு பெண்ணின் பெயர் இல்லாமல் அரை மணி நேரம் நின்றுபோனதைக் கண்டவர்கள் பிலிஸை நிமிர்ந்து பார்க்கவும் தயங்கினர்.

அரை மணி நேரத்துக்கு மேல் அது நீடிக்கவில்லை. சந்தாப் பிரிவில் இருந்த வனஜாவை அழைத்தார்கள். வனஜா தாப்போடியில் வளர்ந்த தமிழ்ப்பெண். வயது முப்பத்தெட்டு. அறைக்குள் போய்வந்தவள் நேரே பிலிஸிடம் வந்தாள்.

"அக்கா, என் பேரைப் போடுறாங்களாம். சம்பளம் ஏத்தித் தர்றேன்னு சொல்றாங்க. கோபமா?"

"உன் மேல எனக்கு என்ன கோபம்? கையெழுத்துப் போடச் சொல்லுத தாள்ல என்ன இருக்குன்னு படிச்சியா?"

"யாருக்கா அதெல்லாம் படிக்கறாங்க? ஜல்தி ஜல்திங்கறாங்க. கார் கீழே நிக்குது."

"கார் நிக்கட்டும் வனஜா. நீ படி."

வனஜா தலையாட்டினாள். படித்தாளா என்பது பிலிஸுக்குத் தெரியவில்லை. பிற்பகலில் வனஜாவை ஏற்றிக்கொண்டு கார் நடுவர் அலுவலகத்துக்குப் போய் வந்தது. புதன்கிழமை இதழ் வழக்கம்போல வெளிவந்தது. கடைசிப் பக்கத்தில் வனஜாவின் பெயர். ஏழாம் பக்கத்தில் அறிக்கை. மூன்றாவது உரிமையாளரின் முகவரியாகக் கசார்வாடி வீடு அப்படியே இருந்தது. கையெழுத்து மட்டும் பிலிஸுடையதன்று.

அவரைப் பணிநீக்கம் செய்யவில்லை. பங்களா யாரையும் அவ்வளவு வெளிப்படையாகத் தண்டிப்பதில்லை. மீதமுள்ள மாதங்களுக்கு ரஞ்சன்காவ் தொழிற்சாலையின் வாயிற்சீட்டுப் பிரிவுக்கு மாற்றல் ஆணை வந்தது. காலை ஐந்தே முக்காலுக்கு வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். இரண்டு பேருந்து மாற வேண்டும். அங்கே சேர்வதற்கு முந்தைய நாள், பிலிஸ் தம் வீட்டைப் பயன்படுத்த அளித்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக நிறுவனப் பதிவாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதினார். அட்டைப்பெட்டியில் இருந்த உறைகளை ஆண்டனி தபாற்காரரிடமே திருப்பிக் கொடுத்தார். பதிவாளரிடமிருந்து இன்னும் விடை வரவில்லை. அழைப்புமணி ஒலிக்கும்போது இப்போது கணவனும் மனைவியும் இருவருமே எழுந்திருக்கிறார்கள்.

ரஞ்சன்காவில் சேர்ந்த முதல் நாள், பணியாளர் அலுவலர் மூன்று பக்கத் தாள் ஒன்றை நீட்டி, குறியிட்ட இடத்தில் கையெழுத்திடச் சொன்னார். பிலிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினார். பின்னால், அதேபோன்ற தாளில் கையெழுத்திட்டுக் கொடுக்கக் காலை முறைக்கு வந்த தொழிலாளர் வரிசை நீண்டது.

"மாவ்ஷி, படிக்கிறீங்களா, பரீட்சை எழுதுறீங்களா?" என்று ஒருவன் குரல் கொடுத்தான். வரிசை சிரித்தது.

"படிக்கிறேன்" என்றார் பிலிஸ். "நீயும் உன்னுடையதை எடு, நேரம் இருக்கிறது."

அவன் முணுமுணுத்துக்கொண்டே சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்துப் பிரித்தான். பிலிஸ் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார்.